வேலூரில் குடியேறலாமா? என்னை எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நில அளவைத் துறையில் 31 வருஷம் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் உறவில் யார் மனை வாங்கினாலும், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யார் ஊர் திரும்ப நினைத்தாலும், முதல் போன் எனக்குத்தான் வரும். போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் சாம்பார் விழுவதற்குள் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சோறு ஆறிப்போனது. அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"வேலூர் இல்லீங்க அது, வெயிலூர். மனுஷன் இருப்பானா அங்கே?"

சுமார் 5 லட்சம் பேர் இருக்கிறோம். ஆனால் வெயிலைப் பற்றிச் சொல்வது பொய்யில்லை. அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் சாயங்காலச் செய்தியில் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியல் வாசிப்பார்களே, அதில் எங்கள் பெயர் தவறாது. கடல் எங்களுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். சென்னையில் மதியமே எட்டிப் பார்க்கும் கடல்காற்று இங்கே வந்தால் ராத்திரி, இல்லையென்றால் இல்லை. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், நடுவே காய்ந்த ஆற்று மணல். பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பாறையும் கான்கிரீட்டும் ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும். மார்கழியில் வந்து பாருங்கள், ஸ்வெட்டர் தேடுவீர்கள். அதை யாரும் செய்தியில் வாசிப்பதில்லை.

ஊர் முழுக்க ஒரே வெயில் என்று நினைக்காதீர்கள். காட்பாடியிலிருந்து 1-ஆம் நம்பரோ 2-ஆம் நம்பரோ பஸ் பிடித்துப் பாகாயம் வரை போங்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்து மரங்கள் வந்ததும் காற்றே மாறும். டிக்கெட் ஒன்று, மேலே இருக்கும் சூரியனும் ஒன்றுதான்.

"தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோயில், ராஜா இல்லா கோட்டைன்னு எங்க தாத்தா சொல்வாரு. இன்னும் அப்படித்தானா?"

அந்தப் பட்டியல் பழசு. சிலர் ஏழு வரை நீட்டுவார்கள். அதில் ஒன்று பெண்களைப் பற்றியது, அதை என் வீட்டில் சொன்னால் எனக்குச் சாப்பாடு கிடையாது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் லிங்கத்தைச் சத்துவாச்சாரியிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், அதனால் 'சாமியில்லா கோயில்' அடிபட்டுப்போனது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை மேம்பாலத்தில் நின்று பார்க்க ஊரே திரண்டது. ராஜா இல்லாததில் யாருக்கும் வருத்தமில்லை. மிச்சம் இருப்பது மலை. அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

"ஆஸ்பத்திரி, காலேஜ், ரயில் மூணும் இருக்கு. நல்ல ஊருன்னா வேற என்ன வேணும்?"

இந்த மூன்று மட்டும்தான் கணக்கு என்றால் இந்த அளவு ஊரில் வேலூரை அடிக்க ஆள் குறைவு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது இன்று விஐடி. காட்பாடி ஜங்ஷனில் வந்தே பாரத் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் சென்னை சென்ட்ரல்.

ஆனால் யோசியுங்கள். வருஷத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள்? எத்தனை நாள் ரயில் ஏறுவீர்கள்? மற்ற 300 சொச்சம் நாளும் வாசல் படியிலிருந்து பத்து நிமிஷத்துக்குள்தான் உங்கள் வாழ்க்கை நடக்கும். ஒரு தெருவைப் பற்றி யாராவது கேட்டால் நான் போட்டுப் பார்க்கும் கணக்கு இது: மே மாதம் சாயங்காலம் 4 மணிக்கு, ஒரு அறுபது வயசுப் பெண்மணி அந்தத் தெருவில் நடந்துபோய்ப் பால் பாக்கெட்டும் கறிவேப்பிலையும் வாங்கி வர முடியுமா? வழியில் நிழல் இருக்கிறதா, நடக்க ஓரம் இருக்கிறதா, கால் வலித்தால் உட்கார ஒரு திண்ணையாவது இருக்கிறதா? ஆமாம் என்றால் நல்ல தெரு. அப்படிப்பட்ட தெருக்கள் நிறைய இருந்தால் நல்ல ஊர்.

"ஏதோ லிஸ்ட்ல வேலூர் இந்தியாவுலயே ஆறாவதா வந்துச்சாமே?"

வந்தது. மத்திய அரசின் 'வாழ எளிதான நகரங்கள்' குறியீடு, 2020-க்கானது, 2021 மார்ச்சில் வெளியானது. 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்களின் பட்டியலில் சிம்லா முதலிடம், சேலம் 5, வேலூர் 6. அன்று எங்கள் வாட்ஸ்அப்பில் ஒரே பட்டாசு. அதில் 30 சதவீத மதிப்பெண் குடிமக்களின் கருத்துக்கு என்பதால், எங்கள் ஊர்க்காரர்கள் வெயிலைத் திட்டினாலும் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் தரவரிசை ஊருக்குத்தான், தெருவுக்கு இல்லை. நீங்கள் வாடகை கட்டப்போவது தெருவில்.

"சுத்தி மலை. ஜவ்வாது மலை பக்கம். அமிர்தி இருக்கு. பச்சைக்கு என்ன சார் குறை?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அமிர்தி 25 கிலோமீட்டர். அருவி, காடு, சின்ன உயிரியல் பூங்கா எல்லாம் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு தடவை போவீர்கள். ஏலகிரி அதைவிடத் தூரம், 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பத்தூர் கணக்கில் போய்விட்டது. ஜன்னலில் தெரியும் மலையையும் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காட்டையும் காட்டி மனை விற்கிறார்கள். உங்கள் ரத்த அழுத்தத்துக்கும் பேரனின் முழங்காலுக்கும் வேண்டியது செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடக்கூடிய இடம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை இதற்கு ஓர் அளவு சொல்கிறது: வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் அரை ஹெக்டேராவது பசுமையான பொது இடம் வேண்டும். அரை ஹெக்டேர் என்றால் சுமார் ஒண்ணேகால் ஏக்கர். நெதர்லாந்தைச் சேர்ந்த நகர வன அறிஞர் செசில் கோனைனென்டைக் 2021-இல் இதையே சுலபமாக்கி '3-30-300' என்றார். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம், பேட்டையில் 30 சதவீதம் மர நிழல், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா. காட்பாடி காந்தி நகரின் பழைய தெருக்கள் சிலவற்றில் முதல் கணக்கு தேறும். எங்கள் ஊர்க் கொசப்பேட்டை, சைதாப்பேட்டைச் சந்துகளில் வானம் தெரிவதே அதிர்ஷ்டம்.

எனக்குப் பரப்பளவில்தான் பேச வரும், அதனால் இதையும் போட்டுப் பார்த்தேன். நகரத் திட்டமிடலுக்கான மத்திய அரசின் 2014 வழிகாட்டி ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. குறைந்த அளவான 10 என்றே வைத்துக்கொண்டாலும் 5 லட்சம் பேருக்கு 500 ஹெக்டேர். எங்கள் கோட்டை மொத்தமும், அகழி, கோயில், மசூதி, தேவாலயம், அலுவலகங்கள் எல்லாம் சேர்த்து, 133 ஏக்கர். அதாவது சுமார் 54 ஹெக்டேர். தலைக்கு ஒரு சதுர மீட்டர், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் இடம்.

"அங்கிள், கோட்டையே பெரிய பார்க்தானே? உள்ளே நிறைய மரம் வெச்சா முடிஞ்சுது."

கோட்டை அகழியை ஒட்டிய பெரியார் பூங்காவும், கோட்டைக்குள் இருக்கும் புல்வெளியும் இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் காலையில் எங்கே போவோம் என்று தெரியாது. ஐந்தரை மணிக்கே கூட்டம். ஆனால் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அங்கே நினைத்த இடத்தில் குழி தோண்ட முடியாது, தோண்டவும் கூடாது. மதில் இடுக்கில் முளைக்கும் ஓர் அரசங்கன்று என்ன செய்யும் என்று பழைய கோபுரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. சத்துவாச்சாரியிலிருந்தோ விருதம்பட்டிலிருந்தோ வண்டி எடுத்துக்கொண்டு வந்துதான் இங்கே நடக்க முடியும். நடப்பதற்கு வண்டியில் வருவதா என்று என் மனைவி கேட்டாள். இதுவரை பதில் சொல்லவில்லை.

"மலையில நாங்க பசங்களோட விதைப்பந்து வீசினோம். ஏன் ஒண்ணுமே வரலை?"

வீசியதில் தப்பில்லை, மலை அப்படி. பாறை மேல் மண் ஒரு சாண் கூட இல்லாத இடம் நிறைய. மழை விழுந்ததும் மண்ணையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். தப்பி முளைத்தால் ஆடு, அதற்கும் தப்பினால் மாசி பங்குனியில் காய்ந்த போதைப்புல்லில் பிடிக்கும் தீ. விதை மட்டும் அங்கே போதாது. முதலில் சரிவில் குறுக்கே வரப்பும் குழியும் வெட்டித் தண்ணீரை நிறுத்த வேண்டும், பிறகு கன்று, அதற்கப்புறம் மூன்று கோடைக்காவது காவல். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. ஆர்வம் இருந்தால் மலையை வனத்துறையோடு சேர்ந்து செய்யுங்கள். தனியாகச் செய்ய உங்கள் தெரு இருக்கிறது.

"அண்ணே, ஏரியாண்ட மனை சீப்பா வருது. லேக் வியூன்றான். போட்டுடலாமா?"

தம்பி, ஏரி உனக்கு வியூ கொடுக்குமா, ஏரிக்கே நீ வியூவா என்று முதலில் பார். சதுப்பேரி, கழிஞ்சூர், தாராபடவேடு, ஒரு காலத்தில் வேலூருக்குக் குடிநீர் கொடுத்த ஓட்டேரி என்று எங்களைச் சுற்றி ஏரிகளுக்குக் குறைவில்லை. பத்து வருஷம் காய்ந்து கிடந்த ஏரியைப் பார்த்து 'இது தரிசு' என்று ஆள் ஏமாறுவான், 2021 மாதிரி ஒரு கார்த்திகை வந்ததும் கட்டிலை மொட்டை மாடிக்கு ஏற்றுவான்.

பத்திரம் மட்டும் பார்க்காதே. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் புல எண் (சர்வே நம்பர்) போட்டால் அ-பதிவேடும், அதாவது நிலம் என்ன வகை என்று சொல்லும் கணக்கும், புல வரைபடமும் கிடைக்கும். அ-பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் காலை எடுத்துக்கொண்டு ஓடு. 2007-ஆம் வருஷ ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஆக்கிரமிப்பை இடிக்க வழி இருக்கிறது. உன் புல எண் சுத்தமாக இருந்தாலும் நிற்காதே, பக்கத்துப் புல எண்களையும் பார். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்தப் பக்கம் வருகிறது, ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? கலங்கலுக்குக் கீழே மலிவாகக் கிடைக்கும் மனை ஏன் மலிவு என்று தரகர் சொல்ல மாட்டார். அந்த ஊரில் எழுபது வயசுத் தாத்தா யாராவது டீக்கடையில் இருப்பார், ஒரு டீ வாங்கிக் கொடு. நான் வேலையில் இருந்தபோது வரைபடத்தில் குழம்பியதைப் பலமுறை அப்படித்தான் தீர்த்தேன்.

"லேஅவுட் பிளான்ல பார்க்குன்னு பச்சை அடிச்சிருக்கு. நேர்ல போனா கார் நிக்குது, ஒரு ஷெட் வேற. யாரைக் கேக்கறது?"

2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ளவற்றில் இடம் கொடுக்க முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 3,000-க்குக் கீழே, அதாவது சுமார் 74 சென்ட் வரை, ஒன்றும் வேண்டாம். ஒரே வயலை 70 சென்ட், 70 சென்ட்டாகத் துண்டு போட்டு ஏன் விற்கிறார்கள் என்று இப்போது புரியும்.

உங்கள் பிளானில் பச்சை அடித்திருக்கிறது என்றால், அந்த இடத்துக்குத் தானப் பத்திரம் ஆனதா என்பதுதான் ஒரே கேள்வி. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் தெரிந்துவிடும். ஆகியிருந்தால் அது பொதுச் சொத்து, ஷெட் ஆக்கிரமிப்பு. மாநகராட்சிக்கு எழுதுங்கள், வார்டில் ஏரியா சபை கூடினால் தீர்மானம் கேளுங்கள், அதுவும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்வு நாள் இருக்கிறது. ஒரு ஆளாகப் போகாதீர்கள். பத்து வீடு கையெழுத்தும் புல வரைபட நகலும் சேர்ந்து போனால் கையில் வாங்கும் விதமே வேறு. பத்திரம் ஆகாமல் இருந்தால் வேலை நீளம், ஆனால் மனைகளை விற்றவர் பூங்காவையும் விற்பதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும்.

"ஏரியைச் சுத்தி வாக்கிங் டிராக், லைட், செல்ஃபி பாயிண்ட் எல்லாம் போடறாங்க. நல்லதுதானே?"

எங்கே போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கரை மேல் நடைபாதை போட்டு, மரம் வைத்து, உட்கார இடம் செய்தால் எனக்குச் சந்தோஷம். ஐந்தாவது கேள்வியில் சொன்ன 300 மீட்டர் கணக்கில் எங்கள் ஊருக்குப் புதிதாக நிலம் கிடைக்கப்போவதில்லை. ஏரிக்கரைகள்தான் நீளமாக, பேட்டைகளுக்கு நடுவே, பொதுச் சொத்தாக மிஞ்சியிருக்கின்றன. இதில் வேலூரின் அதிர்ஷ்டம் பெரிது என்பேன்.

ஆனால் ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில், மண் கொட்டி 'ரிங்' கட்டி, அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டினால் ஏரி தட்டு மாதிரிச் சுருங்கிவிடும். வரத்துக்காலை மறித்து வேலி போட்டால் செல்ஃபியில் பின்னால் தண்ணீரே இருக்காது. வேலை நடக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: முழுக்கொள்ளளவு நீர்மட்டக் கல் எங்கே நட்டிருக்கிறது, பாதை அதற்கு உள்ளேயா வெளியேயா, சாக்கடை எந்தப் பக்கம் இறங்குகிறது. மூன்றாவதைச் சரி செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

"தண்ணி கஷ்டம் இருக்குமா?"

முன்பு போல் இல்லை. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரி கூட்டுக் குடிநீர் வருகிறது. தினமும் வருமா என்பது பேட்டையைப் பொறுத்தது, பக்கத்து வீட்டில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். போர்த் தண்ணீர் இடத்துக்கு இடம் உப்பு மாறும். மழைநீர்த் தொட்டியைக் கண்துடைப்பாகக் கட்டாமல் ஒழுங்காகக் கட்டுங்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் நாகநதியில் ஊர்ப் பெண்கள் நூறு நாள் வேலையில், மழைநீர் மண்ணுக்குள் இறங்க உறைகிணறு உறைகிணறாக இறக்கி நிலத்தடி நீரை ஏற்றினார்கள். ஆற்றுக்கே பலித்தது உங்கள் மனைக்குப் பலிக்காதா?

"வாசல்ல என்ன மரம் வெக்கலாம்? சீக்கிரம் வளரணும், இலை கொட்டக் கூடாது."

அப்படி ஒரு மரம் பிளாஸ்டிக்கில்தான் கிடைக்கும். சீக்கிரம் வளர்கிறது என்று கொனோகார்பஸ் வைத்துவிடாதீர்கள். வேர் குழாயைத் தேடிப் போகும், மகரந்தம் சிலருக்கு ஒவ்வாது. நான் வைத்த முதல் மரம் தூங்குமூஞ்சி. எட்டாம் வருஷம் கழிவுநீர்க் குழாயைப் பிளந்தது, செலவு என்னுடையது. பிறகு வைத்தது புங்கன். வேலூர் வெயிலுக்கு அதைப் போல் இல்லை, உச்சிக் கோடையில் புதுத் தளிர் விட்டு நிற்கும். வேம்பு, பூவரசு, இடமிருந்தால் இலுப்பை, நாவல். மின்கம்பிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், வருஷா வருஷம் மொட்டையடித்துவிட்டுப் போவார்கள்.

"அம்மாவுக்கு மாசம் ரெண்டு தடவை சிஎம்சி. பக்கத்துலயே வீடு பார்க்கட்டுமா மாமா?"

வேண்டாம் என்பேன். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கான லாட்ஜ்கள்தான் அங்கே தெருவெல்லாம். பாபு ராவ் தெருவில் நின்றால் தமிழ்ப் பலகையைவிட வங்காளிப் பலகை முதலில் கண்ணில் படும். வாடகை அதிகம், ராத்திரியிலும் ஆட்டோ சத்தம். மாதம் இரண்டு நாளுக்காக மிச்ச 28 நாளை விட்டுக்கொடுக்காதே. பாகாயம்–காட்பாடி டவுன் பஸ் வழியில் எங்கே பார்த்தாலும் ஒரே பஸ்ஸில் போய்விடலாம். அம்மாவுக்கு டிக்கெட்டும் கிடையாது.

"எல்லாம் அழகாக்கினா வாடகை ஏறும். எங்கள மாதிரி ஆளுங்க வெளியதானே போவணும்?"

வீட்டு வேலைக்கு வரும் அக்கா கேட்டது இது. என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒரே ஒரு பெரிய பூங்காவை அலங்கரித்தால் அதைச் சுற்றி வாடகை ஏறத்தான் செய்யும். எல்லாப் பேட்டையிலும் சின்னதாக ஒன்று இருந்தால் வாடகை ஏறுவதற்கென்று தனியாக ஓர் இடம் இருக்காது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மருந்து. பூங்காவுக்குக் கட்டணம் வைப்பதையும், பகலில் பூட்டி வைப்பதையும் எதிர்க்கிறேன். நல்ல நிழல் வேண்டிய மதியம் 12 மணிக்குத்தான் கேட்டில் பூட்டு தொங்குகிறது. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த நேரத்தில்தான் ஒரு பெஞ்சு வேண்டும்.

"ஒரே ஒரு நாள்தான் லீவு போட முடியும். எப்போ வந்து பாக்கறது?"

பொங்கல் லீவில் வராதீர்கள், அந்தக் குளிரில் எந்தத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். மே மாதம், மதியம் 2 மணி. வண்டியைப் பஸ் நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு அங்கிருந்து வீடு வரை நடங்கள். திரும்பும்போது அம்மாவையும் கூட நடக்கச் சொல்லுங்கள், அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே சுவரைப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். இன்னொரு நாள் கிடைத்தால் ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை வாருங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். டேப் இல்லையென்றால் என் வீட்டில் மூன்று இருக்கிறது.